ஒரே மாமரம்: வெடித்த மேசையும் இறுகிய பெஞ்சும்

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. பேராவூரணிப் பக்கம் உள்ள எங்கள் கொல்லையில் விடிந்ததும் போய்ப் பார்த்தால், தென்னையில் பாதிக்கு மேல் சாய்ந்து கிடந்தது. கிணற்றடி மாமரம் வேரோடு பெயர்ந்து பம்புசெட் கூரை மேல் படுத்திருந்தது. தென்னை போனதில் வீட்டு வருமானம் போனது. மாமரம் போனதற்கு அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு மட்டும், சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது, அந்த அடிமரத்தைப் பார்த்ததும் ஓர் ஆசை வந்தது.

அதற்கு ஓராண்டு முன்பிருந்தே வீடியோக்களில் கரடுமுரடான மேசை, பெஞ்சு செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரஸ்டிக் என்கிறார்கள். பலகையில் ரம்பத்தின் தடம் தெரியலாம், கணு தெரியலாம், ஓரம் மரத்தின் போக்கிலேயே வளைந்திருக்கலாம். கற்றுக்குட்டிக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? தப்பு செய்தால்கூட அழகு என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அந்த மரத்திலிருந்து நான் இரண்டு சாமான் செய்தேன். முதலில் ஒரு மேசை. இரண்டே மாதத்தில் வெடித்தது. அப்புறம் ஒரு பெஞ்சு. இன்றுவரை ஒரு கால்கூட ஆடவில்லை. மரமும் ஒன்றுதான், செய்த கையும் ஒன்றுதான். மேசையை எது கெடுத்ததோ அதுவேதான் பெஞ்சை இறுக்கிப் பிடித்திருக்கிறது. அது எப்படி என்று எழுதி வைக்கத்தான் இந்தக் கட்டுரை.

அறுவை மில் வாசலில்

அந்த மாதம் ஊரில் எல்லார் வீட்டிலும் மரம் கிடந்தது. அறுவை மில்லில் வரிசை. எங்கள் கட்டைக்கு முறை வர மூன்றரை வாரம் ஆனது. அதுவரை அது மண்ணில், மழையில் கிடந்தது. மாமரம் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கிற சாதி. வெட்டினால் உடனே அறுத்துக் காற்றாட வைக்க வேண்டும். அறுத்தபோது உள்ளே நீலமும் சாம்பலுமாக மேகம் மாதிரி கறை ஓடியிருந்தது. நான் அதை டிசைன் என்று நினைத்து மகிழ்ந்தேன். மில்காரர் பக்கத்தில் நின்றவரிடம் திரும்பி, "வெள்ளைல இறங்கிருச்சு" என்றார். நடுவில் இருக்கும் கெட்டி மரம் வைரம். அதைச் சுற்றி இருக்கும் வெளி மரத்தைத்தான் வெள்ளை என்பார்கள்.

கட்டையை அளக்கும் கணக்கை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்க வேண்டும். எங்கள் கட்டை சுற்றளவு 60 அங்குலம், நீளம் 8 அடி. 15 பெருக்கல் 15 பெருக்கல் 8, அதை 144-ஆல் வகுத்தால் 12.5 கன அடி. வட்டத்தின் உண்மையான பரப்பை வைத்துக் கணக்கிட்டால் கிட்டத்தட்ட 16 கன அடி வரும். இடையில் காணாமல் போன மூன்றரை கன அடி, பட்டைக்கும் சிராய்க்கும் ரம்பம் தின்னும் தூளுக்கும் என்று விட்டுவிடுகிற கழிவு. கட்டை வாங்கப் போகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

ஒன்றரை அங்குல கனத்தில் பத்துப் பலகை வந்தது. கடைசியாக வந்த ஒன்று மட்டும் 2 அங்குலம். அதை ஓர் ஓரமாக வைத்தேன். பின்னால் அதுதான் பெஞ்சானது.

வீட்டுக்குக் கொண்டுவந்து திண்ணையில் ஒன்றின் மேல் ஒன்றாக, புத்தகம் அடுக்குகிற மாதிரி அடுக்கினேன். முதல் தப்பு அங்கேயே ஆரம்பித்தது. பச்சைப் பலகைகளை ஒட்டி அடுக்கினால் நடுவில் காற்றுப் போகாது, ஈரம் வெளியே வராது. இரண்டு பலகைக்கு நடுவில் ஓர் அங்குல ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) துண்டுகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாக வைக்க வேண்டும். மேலே உள்ள துண்டும் கீழே உள்ள துண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். தப்பினால் பலகை அலை அலையாகக் காய்ந்துவிடும். அடுக்கு தரையிலிருந்து ஒரு முழமாவது உயர்ந்து, நிழலில் இருக்க வேண்டும். பலகையின் இரண்டு முனையிலும் பழைய பெயிண்டோ மெழுகோ பூச வேண்டும். மரத்தின் முனைகள் சின்னச் சின்னக் குழாய்களின் வாய் மாதிரி. ஈரம் அந்த வழியாகத்தான் வேகமாக ஓடும். முனை முதலில் காய்ந்து சுருங்கும், நடு இன்னும் ஈரமாக இருக்கும், அதில்தான் முனை பிளக்கும். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

மேசை

2019 பிப்ரவரி கடைசியில் ஆரம்பித்தேன். பலகையைத் தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருந்தது. தட்டினால் சத்தமும் கணீரென்று வந்தது.

மேல்பலகை 5 அடி நீளம், இரண்டரை அடி அகலம். ஏழரை அங்குல அகலத்தில் நாலு பலகை. விளிம்புகளை இழைப்புளியால் நேராக்கி, ஃபெவிகால் வைத்து, கயிற்றில் குச்சி கொடுத்து முறுக்கிப் பிடித்தேன். கிளாம்ப் இல்லாதவர்களுக்கு இது நல்ல வழிதான், வேலை செய்கிறது. மறுநாள் அடியில் மூன்று குறுக்குச் சட்டம் வைத்தேன். ஒவ்வொரு சட்டத்திலும் ஒவ்வொரு பலகைக்கு மூன்று ஸ்க்ரூ. சந்தேகத்துக்குச் சட்டத்தின் மேலும் பசை பூசினேன். மொத்தம் 36 ஸ்க்ரூ. எவ்வளவு ஸ்க்ரூவோ அவ்வளவு பலம் என்பது அன்றைக்கு என் கணக்கு.

இழைக்கும்போது ஒன்று கற்றுக்கொண்டேன். நார் ஓடும் திசையில் இழைப்புளியைத் தள்ளினால் சுருள் நீளமாக, அப்பளப்பூ மாதிரி வரும். எதிர்த்துத் தள்ளினால் பிய்த்துக்கொண்டு வரும். மாமரத்தில் நார் பல இடத்தில் திசை மாறும். ஒரே பலகையில் பாதிவரை வழுவழுவென்று போய், திடீரென்று ஒரு சாண் இடத்தில் பூனை பிறாண்டிய மாதிரி ஆகிவிடும். அந்த இடத்தில் திருப்பி இழைத்தேன், குறுக்கே இழைத்தேன், உப்புத்தாள் போட்டேன், கடைசியில் விட்டுவிட்டேன். கரடுமுரடு மேசையில் அது குறையாகத் தெரியவில்லை. மாமரத் தூள் சிலருக்குத் தோலில் அரிக்கும். எனக்கு முழங்கையில் தடித்தது. முழுக்கைச் சட்டை போட்டு, மூக்கைக் கட்டிக்கொண்டு செய்வது நல்லது.

மார்ச் பாதியில் முடிந்தது. நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து அதில் சாப்பிட்டோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மேசையைக் கையால் ஒரு தடவை தடவினாள்.

ஏப்ரல் இரண்டாம் வாரம், பகல் சாப்பாடு முடிந்து எல்லாரும் படுத்திருந்தபோது, தேங்காய் உடைக்கிற மாதிரி ஒரு சத்தம். மூன்றாவது பலகையில் முனையிலிருந்து இரண்டடி நீளத்துக்கு வெடிப்பு. அளந்தேன்: அகலமான இடத்தில் 4 மில்லிமீட்டர். ஒன்றாவது, இரண்டாவது பலகைகளுக்கு நடுவில் ஒட்டு விட்டு 5 மில்லிமீட்டர் இடைவெளி. நாலாவது பலகை பரிசல் மாதிரி லேசாகக் குழிந்திருந்தது.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் காரணம் சொன்னார்கள். "மாமரம்னா அப்புடித்தான், தேக்குல செஞ்சிருக்கணும்" என்றார் பக்கத்து வீட்டு மாமா. பசை மட்டம் என்றான் தம்பி. வெயில் என்றார்கள் சிலர். எதுவும் முழுப் பொய் இல்லை, எதுவும் சரியான காரணமும் இல்லை. தேக்கு சுருங்குவது குறைவு, உண்மைதான். ஆனால் அன்றைக்கு நான் செய்த மாதிரி செய்தால் பச்சைத் தேக்கும் வெடித்திருக்கும். பசையின் மேல் பழி போட முடியாது: வெடிப்பு ஓடியது ஒட்டில் இல்லை, ஒட்டுக்குப் பக்கத்து மரத்தில். விட்டுப்போன அந்த ஒரு ஒட்டில் மட்டும் விளிம்பை நான் நேராக இழைக்கவில்லை. நடுவில் வெளிச்சம் தெரிந்ததைப் பசையால் நிரப்பியிருந்தேன்.

கதவைக் காட்டிய ஆசாரி

எங்கள் வீட்டு நிலைக்கதவை ஒரு காலத்தில் பழுது பார்த்த ஆசாரி ஒருவர் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். இப்போது வேலைக்குப் போவதில்லை. சைக்கிளில் வந்து மேசையைக் குனிந்து அடியில் பார்த்தார்.

"தம்பி, எத்தனை ஸ்க்ரூ புடிச்சிருக்க?"

"முப்பத்தாறு, ஐயா."

சிரிக்கவில்லை. எழுந்து நேரே வாசலுக்குப் போனார். நிலைக்கதவின் ஒரு சதுரத் தட்டின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். தட்டு அசைந்தது, கொஞ்சம்தான், கடகடவென்று.

"இதுல எங்கயாச்சும் ஆணி இருக்கா பாரு. பசை இருக்கா பாரு."

இல்லை. சுற்றிலும் இருக்கும் சட்டத்தில் காடி, அதாவது நீளப் பள்ளம் எடுத்து, அதற்குள் தட்டைச் சும்மா சொருகியிருக்கிறார்கள். அப்புறம் தட்டின் ஓரத்தைக் காட்டினார். நீலப் பெயிண்டின் விளிம்புக்கும் காடிக்கும் நடுவில் பெயிண்ட் படாத வெறும் மரம், நூல் அகலத்துக்கு ஒரு கோடு. மழைக்காலத்தில் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அப்போது அந்த ஓரம் காடிக்குள் இருந்தது. வெயில்காலத்தில் தட்டு சுருங்கி, மறைந்திருந்த ஓரம் வெளியே வந்துவிட்டது. நான் பிறந்ததிலிருந்து அந்தக் கதவைத் திறந்து மூடுகிறேன், அந்தக் கோட்டை ஒரு நாளும் பார்த்ததில்லை.

"அது மூச்சு விடுறதுக்கு எடம் வச்சிருக்காங்க. நீ முப்பத்தாறு எடத்துல புடிச்சு அமுக்கிட்ட. அது எங்க போகும்?"

சுருக்கத்தின் கணக்கு

ஆசாரி சொன்னதை எண்ணாக்கிப் பார்த்தேன். மரத்துக்குள் இரண்டு விதமாக ஈரம் இருக்கிறது. குழாய்களுக்குள் நிற்கும் தண்ணீர் ஒன்று, குழாயின் சுவரிலேயே ஊறியிருப்பது இன்னொன்று. முதல் தண்ணீர் போனால் எடை குறையுமே தவிர அளவு மாறாது. மரத்தின் காய்ந்த எடையில் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே ஈரம் இறங்கும்போதுதான் சுவர் காய ஆரம்பிக்கும். சுருக்கம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி சுருங்கினால் தொல்லையே இல்லை. நீளவாக்கில் மரம் சுருங்குவது கிட்டத்தட்ட இல்லை. 5 அடிப் பலகையில் ஒரு மில்லிமீட்டர் சொச்சம். அகலத்தில்தான் சுருங்கும். அதிலும் அடிமரத்தை அறுத்தால் தெரியும் வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பலகை குழிவதும் இதனால்தான். முனையில் வளையங்களின் வளைவைப் பாருங்கள்; காயும்போது அந்த வளைவு நிமிரப் பார்க்கும், பட்டைப் பக்கம் குழிந்துகொள்ளும்.

மாமரம் முழுப் பச்சையிலிருந்து எலும்பாகக் காயும்வரை வளையப் போக்கில் 5 முதல் 6 சதவீதம் சுருங்கும். என் பலகை மேசையாகும்போது எவ்வளவு ஈரமாக இருந்தது? அடுக்கில் மீதமிருந்த ஒரு பலகையின் நடுவிலிருந்து ஒரு வில்லை அறுத்தேன். முனையிலிருந்து ஓர் அடி தள்ளித்தான் அறுக்க வேண்டும், முனை எப்போதும் பொய் சொல்லும். சமையல் தராசில் 136 கிராம். அதை மின் அடுப்பில் 105 டிகிரியில் வைத்து, எடை இனி இறங்காது என்கிற வரைக்கும் மணிக்கணக்கில் விட்டேன். "மரத்தையாடா சுடுற?" என்று அம்மா இரண்டு முறை எட்டிப் பார்த்தாள். கடைசி எடை 110 கிராம். போன ஈரம் 26 கிராம். 110-ஆல் வகுத்தால் 23.6 சதவீதம். அதுவும் மேசை வெடித்த பிறகு, ஏப்ரலில். பிப்ரவரியில் இன்னும் கூடத்தான் இருந்திருக்கும்.

வெயில்காலத்தில் வீட்டுக்குள் இருக்கும் மரம் காற்றோடு சமன் ஆகும்போது 12 சதவீதத்தை ஒட்டி நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். 24-இலிருந்து 12-க்கு இறங்கினால், முழுச் சுருக்கத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. 30 அங்குல மேல்பலகையில் அது அரை அங்குலத்துக்கும் மேல். ஆனால் குறுக்குச் சட்டத்தில் நார் ஓடுவது மேசையின் அகலவாக்கில். அதன் நீளம் மாறவே மாறாது. மாறாத சட்டத்தில் மாறுகிற பலகையை 36 ஸ்க்ரூவும் பசையும் கொண்டு பூட்டியிருக்கிறேன். நான் அளந்த வெடிப்பும் இடைவெளியும் சேர்ந்து 9 மில்லிமீட்டர். மிச்சத்தை ஸ்க்ரூக்கள் தாங்கியிருக்கின்றன: பின்னால் கழற்றியபோது ஓரத்து ஸ்க்ரூக்கள் எல்லாம் உள்பக்கமாக வளைந்திருந்தன.

கரடுமுரடு வேலையில் ரம்பத் தடம், கணு, பிய்ந்த நார், கோணல் ஓரம் எல்லாமே கணக்கில் வராது. சுருக்கத்துக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. கடையில் வாங்கும் பளபள மேசைக்கு என்ன சட்டமோ அதேதான் இதற்கும். சொல்லப்போனால் இன்னும் கடுமை, ஏனென்றால் கரடுமுரடு வேலைக்கு நாம் எடுப்பது பெரும்பாலும் சரியாகக் காயாத நாட்டு மரம்.

நடுவில் ஒரு வெள்ளைத் தூள்

ஜூன் மாதம் அடுக்கில் மாவு மாதிரி தூள் கொட்டிக் கிடந்தது. பலகையில் குண்டூசித் தலை அளவுக்கு வட்ட ஓட்டைகள். உளுத்துப்போக ஆரம்பித்திருந்தது. மரத்தைத் துளைத்து இப்படித் தூளாக்கும் வண்டுகளுக்கு வெள்ளை மரத்தில் இருக்கும் மாவுச்சத்துதான் சாப்பாடு. வைரத்தில் அவ்வளவாகக் கை வைப்பதில்லை. மாமரத்தில் பெரும்பகுதி வெள்ளைதான். கட்டையைக் குளத்தில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு எடுக்கிற பழைய வழக்கம், அந்தச் சத்தைத் தண்ணீரில் கரைத்து வெளியேற்றுவதற்குத்தான்.

எங்களுக்கு அந்த நேரம் தாண்டிவிட்டது. மோசமாக உளுத்த இரண்டு பலகையை அடுப்புக்குக் கொடுத்தோம். மற்றதற்கு ஒரு லிட்டர் வெந்நீரில் 60 கிராம் வெங்காரமும் 40 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, பிரஷ்ஷால் எல்லாப் பக்கமும் இரண்டு முறை பூசினோம். மரம் கொஞ்சம் ஈரமாக இருந்தால் மருந்து உள்ளே நன்றாக இறங்கும். மழையில் நனையும் சாமானுக்கு இது ஆகாது, கரைந்து போய்விடும். சாப்பாடு நேராகப் படும் இடத்திலும் பூசக்கூடாது. கையுறை போட்டுக்கொண்டுதான் பூச வேண்டும், குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும். அதன் பிறகு புதிய தூள் விழவில்லை. அப்போதே ரீப்பர் துண்டு வைத்து ஒழுங்காக மறுபடி அடுக்கினேன்.

பெஞ்சு

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. வேலைக்குப் போக வேண்டாம், கடை கிடையாது, ஸ்க்ரூ வாங்க வழியில்லை. பலகைகள் பதினைந்து மாதம் காய்ந்திருந்தன. 2 அங்குலப் பலகையில் நாலரை அடி நீளம், ஓர் அடி அகலம் எடுத்தேன். ஆணி, ஸ்க்ரூ எதுவும் இல்லாமல் பலகையில் நாலு துளை போட்டு நாலு காலைச் சொருகி ஆப்பு அடிக்கிற பெஞ்சு. ஆட்டுக்கல் பக்கத்தில் போட்டு உட்காரும் பழைய முக்காலிகள் அப்படித்தான் இருக்கும்.

ஆசாரி ஐயாவுக்குப் போன் போட்டேன். காலுக்கு வேப்பங்கிளை எடுக்கச் சொன்னார். கரையான் அதிகம் தொடாது, கெட்டியும்கூட. அப்புறம் ஒன்று சொன்னார். "காலு நல்லா காஞ்சிருக்கணும். பலகையவிடக் காஞ்சிருக்கணும். அது போதும்."

இந்த ஒரு வாக்கியத்தில்தான் மேசையின் தப்பு அப்படியே திரும்பி நிற்கிறது. மிகவும் காய்ந்த கழுந்தை, அதாவது துளைக்குள் போகும்படி செதுக்கிய கால் முனையை, கொஞ்சம் ஈரம் மிச்சமிருக்கும் பலகையின் துளைக்குள் சொருகினால் என்ன ஆகும்? பலகை இனிமேல்தான் சுருங்கும், துளை இறுகும். கழுந்து காற்றிலிருந்து ஈரம் வாங்கி லேசாகப் பெருக்கும். இரண்டும் ஒன்றையொன்று நெரித்துக்கொள்ளும். மேசையில் போக இடமில்லாமல் வெடித்த அதே சுருக்கம் இங்கே பிடியாகிவிடுகிறது.

கிளையைக் கோடாலியால் நாலாகப் பிளந்தேன். ரம்பத்தால் அறுத்தால் நார் வெட்டுப்படும். பிளந்தால் நார் அடி முதல் நுனி வரை முழுசாக ஓடும், கால் முறியாது. பிளந்த துண்டுகள் மொட்டைமாடி வெயிலில் ஐந்து வாரம் கிடந்தன. பிறகு கழுந்து வரும் முனையை மட்டும் கடலை வறுக்கும் இரும்புச் சட்டியில் மணல் போட்டு, சூடான மணலுக்குள் நட்டு வைத்தேன். மணலின் சூடு கை பொறுக்காத அளவு, மரம் கருகாத அளவு. சாயங்காலம் வரை அப்படியே.

எடுத்துப் பார்த்தால் வேடிக்கை. காலையில் வட்டமாகச் செதுக்கி வைத்த முனை சாயங்காலம் முட்டை வட்டமாக இருந்தது. ஒரு திசையில் அதிகமும் இன்னொரு திசையில் குறைவுமாகச் சுருங்கியிருக்கிறது. ஏட்டில் படித்த அந்த இரண்டு மடங்கு விரல் நுனியில் தட்டுப்பட்டது அப்போதுதான். அதனால் கழுந்தை முதலில் கொஞ்சம் தடிமனாக விட்டு, காய்ந்த பிறகுதான் கடைசியாகச் செதுக்க வேண்டும். சரியான அளவு தெரிய, துண்டுப் பலகையில் அதே 25 மில்லிமீட்டர் பிட்டால் ஒரு துளை போட்டு, உள்சுவரில் பென்சிலைத் தேய்த்துக் கறுப்பாக்கினேன். கழுந்தைச் சொருகித் திருகி எடுத்தால் எங்கே இடிக்கிறதோ அங்கே கறுப்பு ஒட்டும். அந்த இடத்தை மட்டும் அரத்தால் இரண்டு இழுப்பு. மறுபடி சொருகு, மறுபடி இழு. ஒரு காலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இந்த ஒரு வேலைக்காகவே இன்னொரு பெஞ்சு செய்யலாம் போல இருந்தது.

துளைகள் சாய்ந்திருக்க வேண்டும், கால்கள் வெளிப்பக்கம் விரிந்து நிற்க. காலண்டர் அட்டையில் ஒரு முக்கோணம் வெட்டிப் பலகை மேல் நிறுத்தி, டிரில் பிட்டை அதன் சாய்வோடு ஒட்டிப் பிடித்தேன். நாலு கால் சாய்வும் துல்லியமாக ஒன்றல்ல. உட்கார்ந்தால் தெரியாது.

ஆப்பில் ஒரு பாடம் பட்டேன். கழுந்தின் தலையில் ரம்பத்தால் ஒரு கீற்று வெட்டி, துளையில் இறக்கிய பின் அந்தக் கீற்றில் ஆப்பு அடிப்போம். கீற்று பலகையின் நாருக்குக் குறுக்கே இருக்க வேண்டும். நாரின் போக்கிலேயே இருந்தால் ஆப்பு கழுந்தை விரிக்கும்போது அது பலகையை நாருக்குக் குறுக்கே தள்ளும், விறகு பிளப்பதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. ஒத்திகைக்கு எடுத்த துண்டுப் பலகையில் நான் இதைத் தப்பாக அடித்தேன். கொட்டாப்புளியின் மூன்றாவது அடியில் பலகை இரண்டாகப் போனது. நல்லவேளை, துண்டுப் பலகை.

நாலு காலும் ஏறிய பின் பெஞ்சைக் கூடத்துத் தரையில் வைத்தால் ஆடியது. குறைந்த காலுக்கு அடியில் அட்டை மடித்து வைத்து, மேல்பலகையைச் சுற்றிலும் தரையிலிருந்து ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்தேன். பிறகு ஒரு சின்னக் கட்டை மேல் பென்சிலைப் படுக்கவைத்து, கட்டையைத் தரையோடு நகர்த்தி நாலு காலைச் சுற்றியும் கோடு இழுத்தேன். கோட்டில் அறுத்தேன். கால்கள் சாய்ந்திருப்பதால் கோடும் சாய்வாகவே விழும். அந்தச் சாய்விலேயே அறுத்தால் பாதம் தரையில் முழுசாகப் பதியும். ஒவ்வொரு காலாக அளந்து அறுக்கப் போனால் பெஞ்சு குட்டையாகிக்கொண்டே போகும். மூன்று கால் வைத்திருந்தால் இந்த வேலையே இல்லை, எந்தத் தரையிலும் ஆடாது.

மேலே ஆளி விதை எண்ணெய் மூன்று பூச்சு. எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடாகும். குவித்த துணி தானாகவே தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப்போட்டு, அப்புறம் தூக்கி எறியலாம்.

தளர்ந்த மண்வெட்டிக் காம்பைத் தண்ணீரில் போட்டு இறுக்குவதை எல்லாரும் பார்த்திருப்போம். பெஞ்சு, நாற்காலிக்கு அந்த வைத்தியம் செய்யாதீர்கள். ஊறிப் பெருக்கும் மரம் இரும்பு வளையத்துக்குள் போக இடமில்லாமல் தன்னைத்தானே நசுக்கிக்கொள்கிறது. காய்ந்த பிறகு முன்னைவிட இன்னும் சிறுத்துவிடும், அடுத்த வாரம் இன்னும் ஆடும்.

மேசைக்குச் செய்த வைத்தியம்

மேசையையும் விடவில்லை. சட்டங்களைக் கழற்றினேன்; பசை ஒட்டிய இடத்தை உளியால் பெயர்க்க ஒரு முழுப் பகல் ஆனது. வெடித்த பலகையை வெடிப்பின் வழியாகவே நீளவாக்கில் அறுத்து, விளிம்பை இழைத்து மறுபடி ஒட்டினேன். அகலம் 30 அங்குலத்திலிருந்து 28 ஆனது. சட்டத்தில் நடுவில் உள்ள துளையை மட்டும் அப்படியே விட்டு, மற்றதை நீள் துளையாக்கினேன்: பக்கத்தில் பக்கத்தில் இரண்டு துளை போட்டு நடுவை உளியால் எடுத்தால் ஸ்க்ரூ இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகரும். தலைக்கு அடியில் வாஷர். பசை இல்லை. இப்போது ஒரு சட்டத்துக்கு ஐந்து ஸ்க்ரூ, மொத்தம் 15. அதற்குப் பிறகு வெடிக்கவில்லை.

சொந்த மரம் இல்லாத நகரத்துக்காரர்கள் பாலெட் மரத்தைத்தான், அதாவது சரக்கு அடுக்கி அனுப்பும் மரத்தட்டைத்தான் தேடிப் போவார்கள். அதில் கோதுமைக் கதிர் படம் போட்ட முத்திரை இருக்கும். எச்.டி. என்று இருந்தால் சூடேற்றியது, அதாவது மரத்தின் நடு வரைக்கும் 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம். எம்.பி. என்று இருந்தால் மீதைல் புரோமைடு என்ற நச்சு வாயுவில் புகை போட்டது. அதை எடுக்க வேண்டாம். எச்.டி. என்றால் காய்ந்த மரம் என்று நினைத்துவிடக்கூடாது. அந்தச் சூடு பூச்சியைக் கொல்வதற்கு, ஈரத்தை எடுப்பதற்கு அல்ல. மழையில் நின்ற பாலெட் என் மாம்பலகையைவிட ஈரமாக இருக்கலாம். ஆணியைப் பிடுங்கப் பார்த்தால் பலகை பிளக்கும். இரண்டு கட்டைக்கும் நடுவில் ஹாக்சா பிளேடை விட்டு ஆணியை அறுத்துவிடுவது சுலபம்.

மேசைக்கும் பெஞ்சுக்கும் சேர்த்து அறுவைக் கூலி, வண்டி, பசை, ஸ்க்ரூ, எண்ணெய் என்று 5,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. டிரில், இழைப்புளி, இரண்டு உளி தனி. அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல மேசையே வாங்கியிருக்கலாம் என்று தம்பி சொல்கிறான், சரிதான்.

பெஞ்சு இப்போது கிணற்றடியில், மாமரம் நின்ற இடத்துக்குப் பக்கத்துத் தாழ்வாரத்தில் கிடக்கிறது. முதல் வருஷம் மே மாதம் நாலு கழுந்துத் தலைகளும் பலகை மட்டத்துக்கு மேலே நகக்கண் அளவு எழும்பி நின்றன. பலகை கனத்தில் சுருங்கியிருக்கிறது. கழுந்தின் நார் நின்றவாக்கில் ஓடுவதால் அது சுருங்கவில்லை. கைவிரலால் தடவினால் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. அம்மாவின் சேலை நூல் அதில் மாட்டுகிறது என்று உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்தேன். ஐப்பசி மழையில் பலகை ஊறிப் பெருத்ததும் அதே இடத்தில் இப்போது நாலு சின்னப் பள்ளம். அம்மா அதில் ஒன்றில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, "இதையும் தேய்ச்சுச் சரி பண்ணுவியா?" என்று கேட்டாள். மே மாதம் வரட்டும் என்று சொல்லிவிட்டேன்.